இயந்திரம் படித்த நூல்களும் எழுதியவரின் கூலியும்

2024-ன் முற்பகுதியில் சிங்கப்பூர் எழுத்தாளர்கள் பலருக்கு மின்னஞ்சலில் ஒரு கருத்தாய்வு வந்தது. தென்கிழக்காசிய மொழிகள் தெரிந்த மொழி மாதிரி ஒன்றை, அதாவது நூல்களைப் படித்து எழுதக் கற்கும் செயற்கை நுண்ணறிவு இயந்திரத்தை, அரசு நிதியில் உருவாக்குகிறோம், அதற்குப் பயிற்சி கொடுக்க உங்கள் படைப்புகளைத் தர விருப்பமா என்று அது கேட்டது. 2023 டிசம்பரில், 7 கோடி வெள்ளி செலவில் அறிவிக்கப்பட்ட தேசியத் திட்டம் அது. எழுத்தாளர்கள் பலர் தயங்கினார்கள், சிலர் வெளிப்படையாகவே மறுத்தார்கள். ஊதியம் என்ன, பாதுகாப்பு என்ன என்பதற்குத் தெளிவான பதில் இல்லை என்பது அவர்கள் சொன்ன காரணம்.

அவர்கள் மறுத்தது சரி என்றே நினைக்கிறேன். ஆனால் அந்தப் பேச்சில் பலரும் கவனிக்காமல் விட்டது ஒன்று உண்டு. சட்டப்படி பார்த்தால், பெரும்பாலான நேரங்களில் எழுத்தாளரைக் கேட்க வேண்டிய அவசியமே இங்கே இல்லை.

2021 நவம்பர் 21-ல் நடப்புக்கு வந்த புதிய பதிப்புரிமைச் சட்டத்தின் 244-ஆம் பிரிவு, கணினிவழித் தரவுப் பகுப்பாய்வுக்காகப் படைப்புகளைப் படியெடுக்க அனுமதிக்கிறது. இயந்திரத்துக்குப் பயிற்சி கொடுப்பதும் அதில் அடங்கும். ஆராய்ச்சிக்கு மட்டும் என்று இல்லை, வணிக நோக்கத்துக்கும் செல்லும். முக்கிய நிபந்தனை, படைப்பை முறைப்படி அணுகியிருக்க வேண்டும் என்பது. கட்டணச் சுவரை உடைத்து எடுத்தது, திருட்டுப் படி என்று தெரிந்தே எடுத்தது போன்றவை சேராது. எடுத்த படியை வேறு காரியத்துக்குப் பயன்படுத்தவும் கூடாது. சரி, திறந்த தளத்தில் கதை வெளியிட்ட ஒருவர், பயன்பாட்டு விதிகளில் ‘இதை இயந்திரப் பயிற்சிக்கு எடுக்கக் கூடாது’ என்று எழுதிவைத்தால்? அந்த விதி செல்லாது. இந்த விலக்கை ஒப்பந்தத்தால் தட்டிப்போட முடியாது என்று அதே சட்டம் சொல்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019 ஆணை வணிகப் பயன்பாட்டிலிருந்து விலகிக்கொள்ள உரிமையாளருக்கு வழி வைத்திருக்கிறது. ஜப்பான் 2018-ல் திருத்திய சட்டம் நம்முடையதைப்போல் தாராளமானது. சிங்கப்பூர் தன் இடத்தைத் தெரிந்தேதான் தேர்ந்தெடுத்தது. தரவு நிறுவனங்களும் கணிமையத் தொழிலும் இங்கே வர வேண்டும் என்பது அந்தத் தேர்வின் நோக்கம்.

இதைக் கேட்டதும் எழுத்தாளர்கள், ஓவியர்கள், மொழிபெயர்ப்பாளர்கள் நடுவே எழும் முதல் கோரிக்கை, பதிப்புரிமையைக் கடுமையாக்கு என்பதுதான். அந்தக் கோபத்தில் நானும் பங்காளி. ஆனால் அந்தக் கோரிக்கை நம்மை எங்கே கொண்டுபோய் விடும் என்று பார்க்க வேண்டும். பதிப்புரிமை பிறந்த நாளிலிருந்தே அதன் பலன் எழுதியவர் கையில் தங்கியது குறைவு.

இங்கிலாந்தில் 1710-ல் வந்த முதல் பதிப்புரிமைச் சட்டம் எழுத்தாளருக்கு உரிமை கொடுத்தது. ஆனால் அதற்காக வாதாடியவர்கள் லண்டன் புத்தக வணிகர்கள். எழுத்தாளருக்குக் கிடைத்த உரிமை, விற்கக்கூடிய உரிமை. அச்சு இயந்திரமும் கடையும் வணிகரிடம் இருந்ததால், விற்பதைத் தவிர எழுத்தாளருக்கு வேறு வழி இருக்கவில்லை. அதற்கும் முன்னால், 1667-ல், ஆங்கிலக் கவிஞர் ஜான் மில்டன் தன் பெருங்காவியத்தை ஒரு பதிப்பாளரிடம் ஐந்து பவுனுக்குக் கொடுத்தார். முதல் பதிப்பு விற்றுத் தீர்ந்ததும் இன்னோர் ஐந்து பவுன். கார்ல் மார்க்ஸ் இந்த மில்டனை எடுத்துக்கொண்டுதான் படைப்பு உழைப்பை விளக்கினார். மில்டன் பட்டுப்புழு நூல் நூற்பதுபோல், தன் இயல்பால் எழுதினார். பதிப்பாளர் சொன்ன தலைப்பில் சொன்ன நேரத்தில் புத்தகம் தயாரித்துக் கொடுத்த லைப்சிக் நகரத்துக் கூலி எழுத்தாளரோ மூலதனத்துக்காக உழைத்தார். எழுத்தின் தரத்தில் இல்லை வேறுபாடு, யாருக்குக் கட்டுப்பட்டு எழுதுகிறோம் என்பதில் இருக்கிறது.

இன்றைக்கு நம்மில் யார் மில்டன், யார் லைப்சிக்காரர்? நூல் எழுதுபவர்கள் நம்மிடையே உண்டு, ஆனால் நூல் விற்றுச் சோறு சாப்பிடும் தமிழ் எழுத்தாளர் சிங்கப்பூரில் ஒருவரும் இல்லை என்றே சொல்லலாம். சோறு போடுவது மற்ற வேலைகள்: தொலைக்காட்சிக்கு வசனம், வசன வரிகளுக்கு மொழிபெயர்ப்பு, அமைச்சுகளின் துண்டுப் பிரசுரங்கள், விளம்பரக் குரல், பாடநூல் படங்கள். இவற்றை நிரந்தர வேலையில் இருந்து செய்தால் உரிமை முதலாளிக்கு. ஃப்ரீலான்சாகச் செய்தால், 2021 சட்டம் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது: பணம் வாங்கிக்கொண்டு எடுத்துக் கொடுக்கும் புகைப்படம், உருவப்படம், ஒலிப்பதிவு, திரைப்படம் ஆகியவற்றின் உரிமை இயல்பாகவே படைத்தவருடையது. பெயர் குறிப்பிடப்படும் உரிமையும் வந்தது. ஆனால் ‘ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லாதவரை’ என்ற வாசகம் அந்த உடைமைக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. வேலை வேண்டும் என்றால் எல்லா உரிமையையும் எழுதிக்கொடுக்கும் தாளில் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் அடுத்தவர் போடுவார்.

இப்படி எழுதிக்கொடுத்த உரிமைகளுக்குத்தான் இன்று விலை கிடைக்கிறது. 2024 மே மாதம் நியூஸ் கார்ப் நிறுவனம் தன் செய்தித்தாள்களின் உள்ளடக்கத்தை, சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐக்குக் கொடுக்க உடன்பட்டது. ஐந்து ஆண்டுகளில் 25 கோடி டாலருக்குமேல் என்று செய்திகள் வந்தன. அதே மாதம் இன்ஃபார்மா குழுமம் தன் ஆய்விதழ்களை மைக்ரோசாஃப்டுக்குத் திறந்துவிட்டது, முதற்கட்டமாகவே 1 கோடி டாலருக்கு. அந்தக் கட்டுரைகளை எழுதிய பேராசிரியர்கள் பலர் இதைச் செய்தியில் படித்துத்தான் தெரிந்துகொண்டார்கள். பதிப்புரிமை இங்கே சரியாகத்தான் வேலை செய்தது. உரிமையாளருக்குப் பணம் வந்தது. உழைத்தவர் உரிமையாளராக இல்லை, அவ்வளவுதான்.

நீதிமன்றம் போனவர்கள் கதை என்ன? மொழி மாதிரி உருவாக்கும் ஆந்த்ரோபிக் நிறுவனத்துக்கு எதிராக அமெரிக்க எழுத்தாளர்கள் தொடுத்த வழக்கில், நூல்களை வைத்துப் பயிற்சி கொடுப்பது நியாயமான பயன்பாடு, அதற்கு உரிமையாளரின் அனுமதி வேண்டியதில்லை என்று 2025 ஜூனில் நீதிபதி தீர்ப்பளித்தார். திருட்டுத் தளங்களிலிருந்து நூல்களை இறக்கிச் சேர்த்து வைத்ததை மட்டும் அவர் ஏற்கவில்லை. அதன்பேரில் 150 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. ஏறக்குறைய 5 லட்சம் நூல்கள், ஒரு நூலுக்கு 3,000 டாலர் அளவில். பெரிய தொகைதான், வாங்கியவர்களுக்கு வாழ்த்துகள். ஆனால் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவான நூல்களுக்குத்தான் அது. சிராங்கூன் சாலையில் வெளியீட்டு விழா கண்டு, 300 படி அச்சாகி, நண்பர்களுக்கும் நூலகத்துக்கும் போன சிறுகதைத் தொகுப்பு அந்தப் பட்டியலில் இருக்க வழியே இல்லை.

அதனால் நம் ஆட்களின் இழப்பை வேறு இடத்தில் தேட வேண்டும். நூலின் விற்பனையில் இல்லை, கூலியில் இருக்கிறது. மொழிபெயர்ப்பாளர்களிடம் பேசிப் பாருங்கள். முன்பு ஆங்கில மூலத்தைக் கொடுத்து, சொல்லுக்கு இவ்வளவு என்று பேசுவார்கள். இப்போது இயந்திரம் செய்த தமிழை அனுப்பி ‘சும்மா ஒருமுறை பார்த்துத் திருத்திக் கொடுங்கள்’ என்கிறார்கள், விலையையும் அதற்கேற்பக் குறைக்கிறார்கள். அந்தத் தமிழை நேராக்குவது சில நேரம் புதிதாக எழுதுவதைவிட அதிக வேலை. எழுவாய் ஓரிடத்தில், பயனிலை வேறோர் இடத்தில், மரியாதைப் பன்மை தாறுமாறாக. முதியவருக்கான மருத்துவ அறிவிப்பில் ஒரு சொல் பிசகினால் பழி திருத்தியவர்மேல் விழும். திறமை தேவைப்படுவது குறையவில்லை. திறமைக்குக் கொடுக்கும் காசு குறைந்திருக்கிறது. இதை எந்தப் பதிப்புரிமைச் சட்டமும் தடுக்காது, ஏனென்றால் யாருடைய நூலும் இங்கே களவு போகவில்லை.

இன்னொரு கவலையும் எனக்கு உண்டு. 2011-ல் குதிரைப்பந்தய இதழ் ஒன்றின் தகவல் அட்டவணை பற்றிய வழக்கில், ஆசிரியர் என்றால் மனிதர்தான் இருக்க முடியும், நிறுவனம் இருக்க முடியாது என்று சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அதன்படி பார்த்தால் இயந்திரம் தானே எழுதித் தள்ளியதற்குப் பதிப்புரிமை கிடைக்காது. நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் உரிமை வேண்டும் நிறுவனத்துக்கு அப்போது ஒரு மனிதக் கை தேவைப்படும், மிகக் குறைந்த விலைக்கு. இயந்திரத்துக்குக் கையெழுத்துப் போட்டுக்கொடுக்கும் வேலையாக எழுத்துத் தொழில் சுருங்க அந்த வழி போதும்.

இந்த இயந்திரங்களுக்குத் தமிழ் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆங்கிலத்தோடு ஒப்பிட்டால் இணையத்தில் தமிழ் எழுத்து மிகக் குறைவு, இருப்பதில் பெரும்பங்கு கூலி வாங்காமல் செய்த உழைப்பு. நா. கோவிந்தசாமி இங்கே நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு, 1990களில் தமிழை இணையத்தில் ஏற்றப் பாடுபட்டார். 1999-ல் இறக்கும்வரை அந்த வேலையை விடவில்லை. 1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில், உலகம் முழுவதும் இருந்த தன்னார்வலர்கள் சங்க இலக்கியத்தை எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்தார்கள். தமிழ் விக்கிப்பீடியா 2003 முதல் அப்படியே வளர்ந்தது. 2015-ல், சிங்கப்பூரின் பொன்விழாவுக்காக, ஐம்பதாண்டுச் சிங்கப்பூர்த் தமிழ் இலக்கியத்தைச் சமூகத் தொண்டர்களும் தேசிய நூலக வாரியமும் சேர்ந்து மின்வடிவமாக்கினார்கள். எழுத்தாளர்கள் விருப்பத்தோடு அனுமதி கொடுத்தார்கள், பேரப்பிள்ளைகள் படிக்கட்டும் என்று. 1950களில் தமிழ் முரசு நாளிதழின் மாணவர் மணிமன்றத்தில் பயின்று எழுத வந்தவர்களின் கதைகள்கூட அந்த வகையில் சேர்த்துவைக்கப்பட்ட செல்வம்தான். 2022-ல் தொடர்பு, தகவல் அமைச்சு தன் மொழிபெயர்ப்பு இயந்திரத்தைப் பொதுமக்களுக்குத் திறந்தபோது, தவறுகளைத் திருத்தி அனுப்பும்படி நம்மைக் கேட்டது. பலர் மொழிப்பற்றால் அனுப்பினார்கள்.

மார்க்ஸ் 1850களின் குறிப்பேடுகளில், ஒரு சமூகத்தின் பொது அறிவு இயந்திரத்துக்குள் உறைந்து மூலதனமாக உழைப்பாளியின் எதிரே நிற்கும் நிலையைப் பற்றி எழுதினார். தன் மொழியைக் காக்க ஒரு சமூகம் இலவசமாகச் செய்த வேலை, அந்த மொழியால் பிழைப்பவரின் கூலியைக் குறைக்கும் கருவியாகத் திரும்பி வருகிறது. இதற்குப் பின்னால் இன்னோர் அடுக்கு உழைப்பும் உண்டு. கென்யாவில், இயந்திரப் பயிற்சிக்காகக் கொடூரமான எழுத்துகளைப் படித்து வகைப்படுத்தியவர்களுக்கு மணிக்கு 2 டாலருக்கும் குறைவாகக் கொடுக்கப்பட்டதை 2023 ஜனவரியில் டைம் இதழ் வெளிக்கொண்டு வந்தது. தமிழ்நாட்டின் சிறு நகரங்களிலும் தரவுக்குக் குறி போடும் வேலை நடக்கிறது.

அப்படியானால் எல்லாவற்றையும் பூட்டி வைக்க வேண்டுமா? கூடாது. தமிழ் உலகம் இந்தக் கேள்விக்கு ஏற்கெனவே ஒரு விடை கண்டிருக்கிறது. பாரதியார் இறந்த பிறகு அவருடைய பாடல்களின் உரிமை கைமாறிக்கொண்டே போனது. இசைத்தட்டு உரிமை ஒரு வணிகரிடமிருந்து ஏவி. மெய்யப்பனிடம் வந்தது. விடுதலைக்குப் பாடிய கவிஞனின் பாட்டைப் பாட ஒருவரிடம் அனுமதி வாங்குவதா என்று ஊர்கூடிக் கேட்டார்கள். 1949-ல் சென்னை மாகாண அரசு உரிமையைத் தன் வசம் எடுத்தது, 1950களின் நடுவில் மக்களுக்கே விட்டது. குடும்பத்தாருக்குத் தொகை கொடுக்கப்பட்டது. அன்று தொடங்கிய நாட்டுடைமையாக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட எழுத்தாளர்களின் நூல்களை அப்படிப் பொதுவாக்கியிருக்கிறது.

இந்த ஏற்பாட்டில் இரண்டு பகுதிகள் இருக்கின்றன. படைப்பு எல்லாருக்கும் பொது. உழைப்புக்குச் சமூகம் பணம் கொடுக்கிறது. இயந்திர நிறுவனங்கள் முதல் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிடுகின்றன. பொதுச் செல்வத்திலிருந்து செய்த இயந்திரம் தனியார் சொத்தாக முடிவதை நாட்டுடைமை என்று சொல்ல முடியாது. சோசலிஸ்டுகள் கேட்க வேண்டியது இந்த இரண்டாம் பகுதியைத்தான். மொழி மாதிரிகளை விற்று வரும் வருவாயில் ஒரு வரி, அதிலிருந்து எழுதுபவர், வரைபவர், குரல் கொடுப்பவர் அனைவருக்கும் ஒரு நிதி, அமெரிக்காவில் பதிவு செய்திருந்தாலும் செய்யாவிட்டாலும். சீ-லயன் போன்ற பொதுப்பணத்தில் உருவான மாதிரிகள் தமிழும் பேசுகின்றன, அவற்றின் மூல நிரல் திறந்தே இருக்கிறது. பாராட்ட வேண்டியது அது. ஆனால் அதைப் பயன்படுத்தித் தனியார் ஈட்டும் லாபத்தில் ஒரு பங்கு மொழிக்கு உழைத்தவர்களுக்குத் திரும்பி வரும் ஏற்பாடும், அதன் நிர்வாகத்தில் அவர்களுக்கு ஓர் இருக்கையும் வேண்டும்.

இயந்திரத்தை எதிர்ப்பதா என்று சிலர் கேட்பார்கள். 1811-ல் இங்கிலாந்தின் நாட்டிங்காமில் தறிகளை உடைத்தவர்களும் இயந்திரம் தெரியாதவர்கள் இல்லை. காலமெல்லாம் அதில் வேலை செய்தவர்கள். கூலியைக் குறைக்கவும் மட்டத் துணி நெய்யவும் அதைப் பயன்படுத்திய முதலாளிகளின் தறிகளைத் தேடிப்பிடித்து உடைத்தார்கள். நமக்குப் பக்கத்திலேயே ஒரு பாடம் உண்டு. 1972-ல் சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் முதல் கொள்கலன் கப்பல் வந்து நின்றது. மூட்டை தூக்கிய ஆயிரக்கணக்கானோரின் தொழில் அதோடு மாறிப்போனது, அதில் தமிழர்கள் நிறைய. அதே மாற்றத்தை அமெரிக்க மேற்குக் கரைத் துறைமுகத் தொழிலாளர்கள் 1960-லேயே எதிர்கொண்டார்கள். அவர்களுடைய சங்கம் இயந்திரத்தை ஏற்றுக்கொண்டு விலை கேட்டது: முதலாளிகள் ஆண்டுக்கு 50 லட்சம் டாலர் நிதியில் கட்ட வேண்டும், யாரையும் வேலையைவிட்டு நீக்கக் கூடாது, முன்கூட்டியே ஓய்வு பெறுபவருக்குத் தொகை. அந்த ஒப்பந்தத்தில் ஒரு பெரிய குறையும் இருந்தது. முழு உறுப்பினர்களுக்குக் கிடைத்தது இரண்டாம் வரிசைத் தொழிலாளர்களுக்குக் கிடைக்கவில்லை. இன்றைய படைப்புத் தொழிலில் அந்த இரண்டாம் வரிசைதான் ஃப்ரீலான்ஸ்.

2023-ல் அமெரிக்கத் திரைக்கதை எழுத்தாளர்கள் 148 நாள் வேலை நிறுத்தம் செய்தார்கள், நடிகர்கள் 118 நாள். இயந்திரத்தின் எழுத்தை மூலக்கதை என்று சொல்லி எழுத்தாளரின் ஊதியத்தைக் குறைக்கக் கூடாது, எழுத்தாளரை அதைப் பயன்படுத்தச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது, நடிகரின் உருவத்தைப் படியெடுக்க அவர் சம்மதமும் பணமும் வேண்டும் என்று எழுதி வாங்கினார்கள். பதிப்புரிமை வழக்குகள் இழுத்துக்கொண்டிருந்த அதே காலத்தில் இது நடந்தது. அந்தத் திரைக்கதைகளின் பதிப்புரிமை எழுத்தாளர்களிடம் இல்லை, ஸ்டூடியோக்களிடம் இருந்தது. சங்கம் அவர்களிடம் இருந்தது.

சிங்கப்பூரில் அரசு கொடுக்கும் பதில் பெரும்பாலும் பயிற்சி. 2024 மே முதல் 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு, பயிற்சிக் கட்டணத்துக்கான ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கணக்கில் 4,000 வெள்ளி வந்தது. கற்பது நல்லது. ஆனால் இருபது ஆண்டு தமிழ் மொழிபெயர்த்தவர் இயந்திரத்துக்குக் கட்டளை எழுதக் கற்றுக்கொண்டு வந்தாலும் அவருக்குக் கொடுக்கும் விலையை முடிவு செய்வது வேலை கொடுப்பவர்தான். அவர் மற்ற மொழிபெயர்ப்பாளர்களோடு சேர்ந்து ‘திருத்த வேலைக்கு இதற்குக் கீழே வாங்க மாட்டோம்’ என்று சொல்லலாமா? அங்கேதான் சிக்கல். ஃப்ரீலான்ஸ் செய்பவர் சட்டத்தின் கண்ணில் தனியாக ஒரு வணிகம். வணிகங்கள் கூடி விலை பேசினால் 2004 போட்டிச் சட்டம் குறுக்கே வரும். சிங்கப்பூர் மருத்துவச் சங்கம் அந்தச் சட்டத்துக்குப் பயந்து 2007-ல் தன் கட்டண வழிகாட்டியையே விலக்கிக்கொண்டது. கோடிக்கணக்கான பக்கங்களை ஒன்றாகச் சேர்த்து வைத்துக்கொள்ள நிறுவனத்துக்கு 244-ஆம் பிரிவு வழிவிடுகிறது. அந்தப் பக்கங்களை எழுதியவர்கள் ஒன்றாகச் சேர்ந்து கூலி பேச மட்டும் தடை. இதைவிட வெளிப்படையாக ஒரு சட்டம் தான் யார் பக்கம் என்று காட்ட முடியாது.

இந்தத் தடையை நீக்க முடியும் என்பதற்கு முன்னுதாரணம் நம் நாட்டிலேயே வந்துவிட்டது. 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள தள ஊழியர் சட்டம், உணவு விநியோகம் செய்பவரையும் தனியார் வாடகைக் கார் ஓட்டுநரையும் ஊழியருக்கும் சுயதொழிலருக்கும் நடுவில் ஒரு தனி வகையாக ஏற்கிறது. மத்திய சேமநிதி, வேலையிடக் காய இழப்பீடு, சங்கம் அமைத்துக் கூட்டாகப் பேரம் பேசும் உரிமை ஆகியவை அவர்களுக்குக் கிடைத்தன. மொழிபெயர்ப்பாளர், ஓவியர், குரல் கலைஞர், படத்தொகுப்பாளர் யாரும் அதில் இல்லை. அவர்களையும் சேர்க்கச் சொல்லிக் கேட்பதுதான் முதல் வேலை. அப்படி ஒரு சங்கம் மேசையில் வைக்க வேண்டியவையும் எளிமையானவை. இயந்திர மொழிபெயர்ப்பைத் திருத்தும் வேலைக்குச் சொல் கணக்கில் இல்லாமல் மணிக் கணக்கில் கூலி. மூலத்தை இயந்திரம் செய்ததா என்று முன்கூட்டியே சொல்வது. குரலையும் எழுத்தையும் பயிற்சிக்கு எடுத்தால் தனித் தொகை, அதற்குக் காலவரையறை. அமைச்சுகளும் அரசு அமைப்புகளும் தங்கள் தமிழ் வேலைகளுக்கு விலைப்புள்ளி கோரும்போது இவற்றை நிபந்தனையாகச் சேர்க்கலாம். அதற்குப் புதுச் சட்டம்கூடத் தேவையில்லை.